இரண்டாம் நம்பர் சட்டை

சிவமயம்

காரைக்குடி

சிரஞ்சீவி தம்பிக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு நானும் உன் ஆத்தாவும் நலம். உன் நலமறிய ஆவல்.

போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் "சரி அப்பச்சி, வைக்கவா" என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆத்தாவுக்கு முழங்கால் பரவாயில்லை. கோட்டையூர் ஆச்சி வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, உன் பெயரிலும் மொய் எழுதிவிட்டேன். ஆடிக் காற்றில் இரண்டாம் கட்டு ஓடு கொஞ்சம் பறந்துவிட்டது, வேய ஆள் கிடைக்கவில்லை. ராயவரத்து விஷயம் அப்படியே கிடக்கிறது. அதை எழுதி உன்னையும் என்னையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி விஷயம். எல்லாக் காலத்து ரக்பி ஆட்டக்காரர்களிலும் பொறுக்கி நீ அனுப்பிய கனவு அணி வந்து சேர்ந்தது. இரண்டு தடவை வந்து சேர்ந்தது. முதலில் ஆனி மாதத்தில் வந்தது. மறுபடி போன வாரம் அதே பதினைந்து பேர், அதே வரிசை, கீழே அதே வரி: "அப்பச்சி, முதல் தடவையா முழு அணியும் போட்டிருக்கேன், குறை சொல்லாமப் படிங்க." முதல் தடவை நான் குறை சொல்லித்தான் பதில் போட்டேன். நீயும் விடாமல் சண்டை போட்டாய். இந்தத் தடவை "கிடைத்தது" என்று மட்டும் போட்டுவிட்டேன். போன் சில சமயம் பழையதைத் தானாகவே மறுபடி அனுப்பிவிடுமாம், மருந்துக்கடைப் பையன் சொன்னான். அப்படித்தான் இருக்கும்.

எப்படியோ, வந்த பட்டியலுக்கு முறையாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

பதினைந்தாம் நம்பர் இடத்தில் பிரெஞ்சுக்காரர் செர்ஜ் பிளாங்கோவைப் போட்டிருக்கிறாய். 1987 உலகக் கோப்பை அரையிறுதியில் கடைசி நிமிடத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூலையில் விழுந்து பந்தை வைத்தாரே, அதற்காகவே போடலாம். ஆனாலும் என் ஓட்டு வேல்ஸ்காரர் ஜே.பி.ஆர். வில்லியம்ஸுக்கு. அவர் படித்த டாக்டர், எலும்பு அறுவை நிபுணர். பதினைந்து பேரில் ஒருவர் டாக்டராக இருப்பது நல்லதுதானே? உன் கிளப்பில் டாக்டர் இருக்கிறாரா? சனிக்கிழமை ஆட்டத்துக்கெல்லாம் வருவாரா? சும்மா கேட்டேன்.

பதினான்கில் கேம்பீஸியா ஹபானாவா என்று முன்பே பேசித் தீர்த்தாயிற்று. கேம்பீஸியே இருக்கட்டும்.

நடுவில் நீ செய்திருப்பது வேடிக்கை. பன்னிரண்டில் டானா ஊமாகா, பதின்மூன்றில் பிரையன் ஓ'ட்ரிஸ்கோல். 2005-ல், பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் சேர்ந்த லயன்ஸ் அணிக்குத் தலைவராக நியூசிலாந்து வந்த ஓ'ட்ரிஸ்கோலை, முதல் டெஸ்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஊமாகாவும் மியலாமுவும் தூக்கிக் கீழே போட்டதில் தோள் இறங்கியது. அவருடைய சுற்றுப்பயணம் அத்தோடு முடிந்தது. அந்த இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி ஆடச் சொல்கிறாயே, நம் வீட்டுப் பந்தியில்கூட இப்படி உட்கார வைக்க மாட்டோம். தோளில் பட்டது, தப்பித்தார். தலை கீழே போயிருந்தால்?

பதினொன்றில் நியூசிலாந்தின் ஜோனா லோமு. இதில் நமக்குள் சண்டையே இல்லை. 1995-ல் கேப் டவுன் அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு டிரை, நான்கு தடவை எதிராளி கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தான். மைக் கேட் வழிமறித்து நிற்க, அவர் மேலேயே ஏறி ஓடியதை நீ எனக்கு எத்தனை தடவை போட்டுக் காட்டியிருப்பாய்! அப்போது அந்தப் பையனுக்கு வயது 20. அந்த வருடக் கடைசியில்தான் சிறுநீரக நோய் என்று கண்டுபிடித்தார்கள். அதோடேயே ஆடி 1999 உலகக் கோப்பையில் எட்டு டிரை அடித்தான். 2004-ல் மாற்றுச் சிறுநீரகம், 2015-ல் 40 வயதில் முடிந்துவிட்டது. அவன் ஓடுவதைப் பார்த்தவர்கள் யாரும் உடம்புக்குள் ஒன்று இருக்கிறது என்று நினைத்திருக்க மாட்டார்கள். நானும் இப்போதெல்லாம் அந்த வீடியோவைப் பார்த்தால் அவன் காலைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறேன்.

ஒன்பதில் என் ஓட்டு காரெத் எட்வர்ட்ஸுக்கு. இந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர் துபோன் பெரிய ஆட்டக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எட்வர்ட்ஸ் வேல்ஸுக்காக 1967 முதல் 1978 வரை தொடர்ந்து 53 ஆட்டம், ஒன்றைக்கூட விடவில்லை. பேரேட்டில் ஒரு நாள்கூட விடாமல் வரவு எழுதியவன் மாதிரி. எனக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும்.

பத்தாம் நம்பரைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

உன் சித்தப்பா வந்திருந்தபோது இந்தப் பட்டியலைப் பார்த்து, "நமக்கும் இந்த ஆட்டத்துக்கும் என்ன ஒட்டு" என்று கேலி செய்தார். நான் கல்கத்தா கோப்பையைச் சொன்னேன். கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் 1873-ல் ஆரம்பித்த கிளப். சில வருடத்தில் ஆள் குறைந்துபோனதும் கலைத்துவிட்டார்கள். வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக வாங்கி, அதை உருக்கிக் கோப்பை செய்து 1878-ல் இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்குக் கொடுத்தார்கள். கைப்பிடி மூன்றும் நாகப்பாம்பு, மூடியில் யானை. இன்றைக்கும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது அந்த வெள்ளி ரூபாய்க்குத்தான். கணக்கை முடிக்கும்போதுகூடக் கௌரவமாக முடித்திருக்கிறார்கள் என்று சித்தப்பா ஒப்புக்கொண்டார். எத்தனை ரூபாய், என்ன எடை என்று கேட்டுக் குடைந்துவிட்டார், அது வேறு விஷயம்.

முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் வருகிறேன். ஏழில் ரிச்சி மெக்காவ், நாலில் காலின் மீட்ஸ் என்று போட்டு, மீட்ஸ் பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி வேறு. எனக்குத் தெரியும் அது எதற்கென்று. 1970-ல் தென்னாப்பிரிக்காவில் கை எலும்பு முறிந்த பிறகும் ஆட்டத்தை முடித்துவிட்டு வந்தவர். மெக்காவ் 148 டெஸ்ட் ஆடியவர். 2011 உலகக் கோப்பையைக் கால் எலும்பு முறிவோடு ஆடினார், அதுவும் எக்ஸ்ரே எடுக்காமலே. எடுத்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்ல வேண்டிவரும், அதனால் எடுக்கவில்லை. ஊரே இதைப் பெருமையாகச் சொல்கிறது. எக்ஸ்ரே எடுக்காவிட்டால் எலும்பு முறியவில்லை என்று ஆகிவிடுமா? நீயே சொல். வலியைச் சொல்லாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டிருக்கிறாய். நாலில் என் ஆள் ஜான் ஈல்ஸ். அத்தனை உயரத்தை வைத்துக்கொண்டு கோலுக்கும் உதைப்பார். 2000-ல் உன் வெலிங்டனிலேயே கடைசி உதையில் நியூசிலாந்தை 24-23 என்று தோற்கடித்தார். எதையும் உடைத்துக்கொள்ளாமலே ஜெயித்துக் காட்டியவர்.

ஆறில் கோலிசி, எட்டில் ஜின்ஜான் புரூக் சரி. ஒன்றில் ஆஸ் டு ராண்ட் சரி, 1995, 2007 இரண்டு கோப்பையும் கண்டவர். மூன்றில் கார்ல் ஹேமனைப் போட்டிருக்கிறாய். அந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நின்றேன். நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணிக்கு 45 டெஸ்ட் ஆடினவர். 41 வயதில் அவருக்கு மறதி நோய் ஆரம்பம் என்று டாக்டர்கள் சொல்லி, 2021-ல் அவரே வெளியில் சொன்னார். ஓயாத தலைவலி இருந்ததாம், அதுவும் வருடக்கணக்கில்.

இரண்டாம் நம்பர். நீ ஷான் ஃபிட்ஸ்பாட்ரிக் என்று எழுதியிருக்கிறாய். நான் எழுத நினைத்தது ஸ்டீவ் தாம்ப்ஸன். 2003-ல் சிட்னியில் இங்கிலாந்து அணி உலகக் கோப்பையை வாங்கியபோது இரண்டாம் நம்பர் சட்டை போட்டிருந்தவர். எழுதுவதற்கு முன்னால் அவரைப் பற்றிப் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். 42 வயதில் அவருக்கும் அதே நோய். 2020 டிசம்பரில் சொன்னார். அந்த இறுதி ஆட்டத்தில் ஆடியதே அவருக்கு ஞாபகம் இல்லையாம். நாம் இரண்டு பேரும் முகப்பில் உட்கார்ந்து, இத்தனை வருடம் கழித்து, ஒவ்வொரு நிமிடமாகப் பேசுகிறோம். ஆடியவருக்கு ஒன்றும் இல்லை. அவரும் பழைய ஆட்டக்காரர்கள் பலரும் சேர்ந்து ரக்பி சங்கங்கள் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

அதனால் என் பட்டியலில் இரண்டாம் நம்பர் காலியாக இருக்கிறது. ஸ்கிரம்மில், அதாவது இரண்டு அணியும் குனிந்து முட்டித் தள்ளும்போது, இரண்டு பக்கத்து ஆட்களின் தோளிலும் கையைக் கோத்துக்கொண்டு, மறிக்கக் கை இல்லாமல், தலையை முன்னால் கொடுத்து நிற்கிற இடம். நீ நிற்கிற இடம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆடாதே என்றும் சொல்லவில்லை. சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்க்கச் சுவரேறிக் குதித்துப் போனவனை என்ன சொல்லி நிறுத்துவது? தெரிந்துகொள் என்றுதான் எழுதுகிறேன். பெரிய ஆட்டங்களில் தலையில் பட்டதாகச் சந்தேகம் வந்தால் வெளியே அழைத்துப்போய்ச் சோதித்துப் பார்க்கிறார்கள். கிளப் ஆட்டத்தில் சோதனையே கிடையாது, சந்தேகம் வந்தாலே வெளியே போக வேண்டும், அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது. அப்புறம் மூன்று வாரமாவது ஆட்டம் கூடாது. மயங்கி விழுந்தால்தான் அடி என்று இல்லை. தலைவலி, வெளிச்சம் ஆகாமல் போவது, சொன்னதையே மறுபடி சொல்வது, இதெல்லாமும் அதில் சேர்த்தியாம். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது படுவதுதான் ஆபத்து. 2011-ல் வட அயர்லாந்தில் 14 வயதுப் பள்ளிக்கூடப் பையன் ஒரே ஆட்டத்தில் திரும்பத் திரும்ப அடிபட்டு, அப்படித்தான் போனான். பாவம், அவனைப் பெற்றவள் அன்றைக்கு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

உங்கள் நாட்டில் விளையாட்டில் பட்ட காயத்துக்கும் அரசாங்க விபத்துக் காப்பீடு உண்டு, டாக்டரிடம் காட்டினால் அவரே எழுதிக் கொடுப்பார் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். உன் சிநேகிதர்கள் யாருக்காவது உபயோகப்படும். காசுக்குப் பார்த்துக்கொண்டு டாக்டரிடம் போகாமல் இருந்துவிடப் போகிறார்கள்.

ஐந்து வயதில் முழங்கால் அளவு இருந்துகொண்டு இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று நம் நகரத்தார் கோயில் ஒன்பதையும் உட்பிரிவோடு ஒப்பிப்பாய். பழனி நடைப்பயணத்தில் எந்த ஊரில் தங்கல், எங்கே சாப்பாடு என்று பெரியவர்கள் உன்னைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். உன் ஐயா அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! அந்தத் தலையை நீயாகச் சம்பாதிக்கவில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள். ஞாபகம் வைத்துக்கொள் என்று கை தானாக எழுதிவிட்டது.

நேரத்துக்குத் தூங்கு. இருட்டில் உட்கார்ந்து போன் பார்க்காதே. வீடியோவில் வரும்போது திரையை விலக்கி வெளிச்சத்தில் உட்கார், உன் ஆத்தா முகம் தெரியவில்லை என்கிறாள். விளக்கு பழுது என்று நானே ஏதோ சொல்லிவைத்திருக்கிறேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள், அன்றைக்குப் போய்த் தலையைக் கொடுத்து முட்டிக்கொண்டிருக்கிறாய். தூக்கம் முக்கியம். தூங்கு.

இங்கிருந்து சீப்புச் சீடையும் மாவுருண்டையும் அனுப்ப ஆத்தா ஏற்பாடு செய்கிறாள். உங்கள் ஊரில் நெய்ப் பண்டத்தைச் சுங்கத்தில் பிடித்து வைப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பிள்ளையார் நோன்புக்கு வருகிறாயா என்று அவள் கேட்கச் சொன்னாள். லீவு இல்லையென்றால் விட்டுவிடு. லீவு இருந்தால் வா.

ஒரு வேலை கொடுக்கிறேன். பொங்கலுக்கு வந்திருந்தபோது நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு அணி முடிவு செய்தோம். உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை, ஒத்துக்கொண்ட அணி. என்னிடம் அது எழுதி இருக்கிறது. நீ போனைப் பார்க்காமல், யாரையும் கேட்காமல், அந்தப் பதினைந்து பேரையும் ஒரு தாளில் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. விளையாட்டுக்குத்தான். எத்தனை பேர் வந்தாலும் சரி, வந்த வரைக்கும் அனுப்பு. வராத இடத்தைக் காலியாகவே விடு, எனக்கு நல்லது.

பத்தாம் நம்பர் பாக்கி. கார்ட்டரிடம் 1598 புள்ளி இருக்கிறது, 2005-ல் லயன்ஸுக்கு எதிராக உன் வெலிங்டனில் தனி ஆளாக 33 அடித்தது இருக்கிறது. வில்கின்சனிடம் 2003 இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போதே பழக்கமில்லாத வலது காலால் அடித்த அந்த டிராப் கோல் இருக்கிறது. நீ கார்ட்டர் என்பாய், நான் விடமாட்டேன். இதை எழுதித் தீர்க்க முடியாது. உனக்கு விடியற்காலை ஆறு மணி என்றால் இங்கே ராத்திரி பதினொன்றரை. ஆத்தா தூங்கியிருப்பாள், நான் முகப்பில்தான் இருப்பேன். கூப்பிடு.

இப்படிக்கு
அப்பச்சி