நனவும் ஸ்கேன் படமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நனவு (அதாவது, ஒன்றை உணர்ந்து அனுபவிக்கும் நிலை) குறித்த உங்கள் கட்டுரை, அது எப்படி எழுகிறது என்பதற்கு மூளை ஸ்கேன் படங்களே விடை தந்துவிடும் என்ற தொனியில் அமைந்திருந்தது. ஆனால், மூளையின் முதன்மைப் பார்வைப் பகுதி சிதைந்த சிலர், எதிரே எதுவும் தெரியவில்லை என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டே, ஒளிப்புள்ளி இருக்கும் இடத்தை ஊகிக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே விரல் நீட்டுகிறார்கள். அப்படியானால் மூளை தகவலைக் கையாள்வது வேறு, ‘எனக்குத் தெரிகிறது’ என்ற அனுபவம் வேறு என்றாகிறது. இந்த அனுபவம் ஏன் எழுகிறது என்பதைத்தான் மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ் 1995இல் ‘கடினமான சிக்கல்’ என்றார். நனவுக்குரிய நரம்புச் செயல்பாடு 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று 1998இல் அவரிடம் பந்தயம் கட்டிய நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் கோக், 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார் (கௌரவமான தோல்விதான்). அடுத்த கட்டுரையிலாவது மெய்யியலாளர் ஒருவரின் கருத்தையும் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர் ஒருவர்