மண் கேரளத்தது, பூச்சு நம்ம ஊரது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாமரம் இந்த வருஷம் பிந்திப் பூத்திருக்கிறது. அப்பாவுக்கு அதைத் தவிர வேறு பேச்சில்லை.

பீங்கான் கலவையை வாட்ஸப்பில் போடச் சொன்னாய். நாலு வரி எழுத எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அந்த நாலு வரியை மட்டும் வைத்துக்கொண்டு நீ கலந்தால், ஸ்டுடியோக்காரர்களின் சூளைத் தட்டு வீணாகிப் பழி என் தலையில் விழும். அதனால் காகிதத்தில் எழுதி அப்பாவிடம் ஸ்கேன் பண்ணக் கொடுக்கிறேன். அவசரப்படாமல் படி.

முதலில் கணக்கு. காய்ந்த எடையில் சைனா கிளே (வெள்ளைக் களி) 50, ஃபெல்ஸ்பார் 25, குவார்ட்ஸ் 22, பென்டோனைட் 3. சூடு 1280 டிகிரி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. பாதி களி, கால் ஃபெல்ஸ்பார், கால் குவார்ட்ஸ் என்பது பீங்கான் செய்கிறவர்கள் எல்லா நாட்டிலும் புழங்குகிற பழைய கணக்கு. விருத்தாசலத்தில் டிப்ளமோ படிக்கும்போது நோட்டில் எழுதினேன், ஓசூர்ப் பக்கம் இன்சுலேட்டர் கம்பெனி லேபில் இருந்த காலமெல்லாம் அதையேதான் பார்த்தேன். மின்கம்பத்து இன்சுலேட்டரும் நீ காபி குடிக்கிற கோப்பையும் பங்காளிகள்தான்.

சைனா கிளே உருவத்தையும் வெண்மையையும் கொடுக்கும்; தனியாக விட்டால் 1280-க்கு அசையாது. ஃபெல்ஸ்பார்தான் 1200-ஐ நெருங்கும்போது இளகி, குவார்ட்ஸையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உள்ளே இழுத்துக்கொண்டு, இருக்கிற இடுக்கையெல்லாம் கண்ணாடியால் அடைக்கும். அந்தக் கண்ணாடிக்குள் முல்லைட் என்கிற ஊசிப் படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழலாடுவது கண்ணாடியால். கீழே வைக்கும்போது ணங்கென்று கேட்பது அந்தக் கண்ணாடியும் ஊசியும் சேர்ந்து இறுகிப்போனதால். பென்டோனைட் இழுவைக்கு மட்டும். சைனா கிளேயில் ஒட்டும் தன்மை ரொம்பக் குறைவு, சக்கரத்தில் ஏற்றினால் விளிம்பு கிழியும். அதற்காக அஞ்சும் ஆறுமாகக் கொட்டாதே. ராஜஸ்தான் பென்டோனைட்டிலேயே இரும்பு உண்டு, வெள்ளை மங்கிவிடும், காயும்போதும் வெடிக்கும். அதைத் தண்ணீரில் நேராகப் போட்டால் தவளை முட்டை மாதிரி கட்டி கட்டியாக மிதக்கும். மற்ற பொடிகளோடு உலர்வாகக் கலந்த பிறகுதான் தண்ணீருக்குப் போக வேண்டும்.

ஜெர்மனியில் உன் பக்கத்து மைசன் கோட்டை வாசலில் எடுத்த போட்டோவை அனுப்பியிருந்தாயே, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் ஊரிலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் அப்படி ஓர் இடம் இருப்பது எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. தங்கம் செய்து தருவான் என்று சாக்ஸனி ராஜா பிடித்து வைத்திருந்த பையன் பாட்கர். அவனும், அவனுக்கு மேலே இருந்த சிர்ன்ஹவுஸும் சேர்ந்து 1708-ல் பீங்கான் வழியைப் பிடித்தார்கள். சிர்ன்ஹவுஸ் அதே வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார், 1710-ல் அந்தக் கோட்டையிலேயே பட்டறை தொடங்கியது. சேதி என்னவென்றால், அவர்கள் முதலில் ஃபெல்ஸ்பார் போடவே இல்லை. அலபாஸ்டர் என்கிற சுண்ணாம்புச் சத்துள்ள கல்லைப் போட்டுத்தான் உருக்கினார்கள். ஃபெல்ஸ்பார் பிற்பாடு வந்தது. உருக்கும் சரக்கு மாறலாம், பாப்பா. மாற முடியாதது வெள்ளைக் களி. அது அவர்களுக்குப் பக்கத்து மலையிலேயே, ஆவ் என்ற ஊரில் கிடைத்தது. அங்கேதான் அவர்கள் நம்மை முந்தினார்கள்.

நம் பக்கத்து மண்ணில் ஏன் செய்யக்கூடாது என்று போனில் கேட்டாய். அதே கேள்வியை நானும் தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். தருமபுரி அதியமான்கோட்டைப் பக்கம் தாத்தா பானை வனைந்தது ஏரி மண்ணில். சக்கரத்தைத் தொட எங்களை விடமாட்டார்கள். மண் மிதிப்பதும், கல் பொறுக்குவதும், பச்சைப் பானையைத் தட்டிப் பெரிதாக்குவதும் பெண்பிள்ளைகள் வேலை. அதனால் வனைய வராவிட்டாலும் மண் என்ன சொல்கிறது என்று என் பாதத்துக்குத் தெரியும். அருமையான மண்தான். ஆனால் அதில் நிறைய இரும்பு. சூளையில் எண்ணூறு, தொள்ளாயிரத்தில் அழகான சிவப்பு வரும். 1280-க்குக் கொண்டுபோனால் வீங்கி, கறுத்து, தட்டிலேயே உருகி வழிந்துவிடும். பீங்கானில் இரும்பு ஒரு சதவீதம் ஏறினாலே வெள்ளை போய்விடுகிறது. சிவப்பு மண்ணைக் கழுவிக் கழுவி வெள்ளையாக்குவது நடக்கிற காரியம் இல்லை. திருவனந்தபுரத்துப் பக்கம் தோன்னக்கல்லில் தோண்டுகிற சைனா கிளேயை மூட்டையாக வாங்கித்தான் நான் செய்கிறேன். ஃபெல்ஸ்பார் ஆந்திரத்தது. இதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

குவார்ட்ஸ் மட்டும் நம் ஊரது. பெரியப்பா காட்டில் வரப்போரம் கிடக்குமே வெங்கச்சங்கல், சின்னப் பிள்ளையில் இருட்டில் ரெண்டை உரசித் தீப்பொறி பார்ப்பாயே, அதுதான். மஞ்சள் ரேகை ஓடாத, பால் வெள்ளைக் கல்லாகப் பொறுக்க வேண்டும். அப்படியே இடித்தால் உலக்கைதான் தேயும். கரி அடுப்பில் நன்றாகச் சிவக்கும்வரை போட்டு, இடுக்கியால் எடுத்து வாளித் தண்ணீரில் முக்கினால் சடசடவென்று சத்தம் வரும். 573 டிகிரியைத் தாண்டும்போது குவார்ட்ஸ் படிகம் சட்டென்று உப்பும், அதற்குக் கீழே இறங்கும்போது சுருங்கும். அந்த ஆட்டத்தில் கல் உள்ளுக்குள்ளேயே நொறுங்கிவிடும். ஆறிய பிறகு கையால் அழுத்தினாலே உதிர்கிற துண்டுகளும் இருக்கும். (இதே 573-ல்தான் அவசரமாகத் திறந்த சூளையில் பாத்திரமும் விரிசல் விடுகிறது. ஆறட்டும் என்று சொன்னால் கேள்.) பிறகு தண்ணீர் விட்டே அரைத்து, 200 மெஷ் என்கிற ரொம்ப நைசான சல்லடையில் விடுவேன். உலர்வாக இடிக்க மாட்டேன். குவார்ட்ஸ் தூசு நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. நம் பக்கம் குவாரியில் கல் உடைத்தவர்களின் இருமலை நீ கேட்டு வளர்ந்தவள். அங்கேயும் பொடி நிறுக்கும்போது என்95 மாஸ்க் போடு. தரையைப் பெருக்காதே, ஈரத்துணியால் துடை. இதில் மட்டும் எனக்கு சமாதானம் சொல்லாதே.

இனி கிளேஸ், அதாவது மேலே ஊற்றுகிற கண்ணாடிப் பூச்சு. இங்கேதான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. மண்ணுக்கு வேண்டாத அழுக்கெல்லாம் பூச்சுக்கு வேண்டும்.

பழகுவதற்கு 4-3-2-1 கிளேஸைப் போடு: ஃபெல்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, சுண்ணாம்புக்கல் பொடி 20, சைனா கிளே 10. 1280-க்குத் தெளிவான கண்ணாடியாக வரும். நல்ல கிளேஸ்தான், ஆனால் அதில் ஊர் பேர் கிடையாது. இப்போது கிருஷ்ணகிரி கிரானைட்டை யோசி. கிரானைட் என்றால் என்ன? ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், அதோடு கொஞ்சம் கறுப்பு மைக்கா. அதாவது கிளேஸுக்கு வேண்டியதில் முக்கால்வாசியை மலையே கலந்து வைத்திருக்கிறது, இரும்போடு. அதை அறுக்கிற பட்டறைகளுக்குப் பின்னால் அந்தச் சேறு மலை மலையாகக் கொட்டிக் கிடக்கிறது, கேட்டால் அள்ளிக்கொண்டு போ என்கிறார்கள்.

எல்லாச் சேறும் ஒன்றில்லை. காய்ந்து சாம்பல் நிறமாக இருக்கிற குவியல் ஒரு மழை பெய்ததும் துருப்பிடித்துப் பழுப்பாக மாறினால், அது கேங் சா என்கிற பெரிய ரம்ப மெஷின் அறுத்த சேறு. அந்த மெஷினில் எஃகுக் குருணையையும் சுண்ணாம்பையும் விட்டுத்தான் அறுப்பார்கள். வைர பிளேடில் அறுத்தது மழைக்குப் பிறகும் சாம்பலாகவே இருக்கும். நான் எதை எடுத்தாலும் காந்தம் விடுவேன். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றி, கரைத்த சேற்றுக்குள் மெதுவாகச் சுற்றினால், வெளியே எடுக்கும்போது பை முழுக்கக் கறுப்பாக முடி முளைத்திருக்கும். பையை உள்வெளியாகத் திருப்பி உதறிவிட்டு மறுபடி விடுவேன், முடி முளைக்காதவரை. கல்லுக்குள் இருக்கிற இரும்பு வேண்டும், பிளேடின் இரும்பு வேண்டாம். அது கிளேஸில் கறுப்புப் புள்ளியாக நிற்கும்.

சுண்ணாம்புச் சத்துக்குப் புளிய விறகுச் சாம்பல். பின் தெருச் சமையல்காரர் கல்யாண வேலைக்குப் புளிய விறகுதான் எரிப்பார், அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சலித்து, தண்ணீரில் ஊறவைத்து, மேல் தண்ணீரை இறுத்துக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். கையில் சோப்புப் போல வழுக்குகிறவரை காரம் இருக்கிறது என்று அர்த்தம், கையுறை போட்டுக்கொள். கழுவாமல் போட்டால் அந்த உப்பு தண்ணீரோடு விளிம்புக்கு வந்து பூக்கும், அந்த இடத்தில் கிளேஸ் சுருண்டுகொள்ளும். அளவு: கல் தூசு ரெண்டு பங்கு, சாம்பல் ஒரு பங்கு, சைனா கிளே அரைப் பங்கு. சாம்பல் மரத்துக்கு மரம், அடுப்புக்கு அடுப்பு மாறும். அதனால் சின்ன வில்லைகளில் தூசுக்கும் சாம்பலுக்கும் பத்துப் பத்தாக மாற்றி வரிசை வைத்துப் பார்க்காமல் கோப்பையில் ஊற்றாதே.

என்ன நிறம் வரும் என்பது சூளைக் காற்றைப் பொறுத்தது. பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறையில் அகழாய்வு செய்து, அங்கே கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-ல் சட்டசபையில் அறிவித்தார்களே, அங்கே கறுப்பு-சிவப்புப் பானையும் கிடைத்தது. ஒரே பானை, ஒரே மண். காற்றுப் பட்ட பக்கம் சிவப்பு, காற்றில்லாமல் புகையில் மூச்சு முட்டிய பக்கம் கறுப்பு. கிளேஸிலும் இரும்பு காற்றுக்குத் தகுந்தபடிதான் நிறம் காட்டும். என் கேஸ் சூளையில் டேம்பரை (புகைபோக்கித் தடுப்பை) நெருக்கி காற்றைக் குறைத்தால் கிரானைட் கிளேஸ் பச்சைக் குளத்துத் தண்ணீர் நிறத்துக்கு வருகிறது, குழிவில் தேங்கிய இடத்தில் அடர்ந்து. காற்றைத் தாராளமாக விட்டால் தேன் மஞ்சள். தருமபுரிப் பக்கத்துக் கறுப்புக் கல் தூசு வேறு கதை. அதில் இரும்பு அதிகம், சீக்கிரமும் உருகும். மெல்லிசாக விழுந்த விளிம்பில் துருச் சிவப்பு, தடிமனான இடத்தில் கறுப்பு. எனக்குப் பிடித்தது அதுதான். அப்பா ஊறுகாய் ஜாடி மாதிரி இருக்கிறது என்கிறார், சொல்லட்டும்.

சுட்ட பிறகு மேலே மெல்லிய கோடு கோடாக விரிந்தால், கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கியிருக்கிறது. கிளேஸில் குவார்ட்ஸைக் கொஞ்சம் கூட்டு. மண் நன்றாக வெந்ததா என்று பார்க்க, கிளேஸ் போடாத துண்டை நிறுத்து, தண்ணீரில் சில மணி நேரம் கொதிக்கவைத்து, துடைத்துவிட்டு மறுபடி நிறு. எடை அரை சதவீதத்துக்கு மேல் ஏறினால் அது பீங்கானே இல்லை. பச்சைத் துண்டில் பத்து சென்டிமீட்டர் கோடு கீறி வை. சுட்டபின் எட்டரையும் சொச்சமும்தான் இருக்கும், மூடி செய்யும்போது இந்தக் கணக்கு வேண்டும். சாப்பாட்டுப் பாத்திரத்துக்குப் புது கிளேஸ் போட்டால் பாதி முங்கும்படி வினிகரில் ராத்திரி முழுக்க வை. காலையில் நிறம் மங்கியிருந்தால் அதில் பூ வைத்துக்கொள். ஈயம் கலந்த எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதே, எவ்வளவு பளபளத்தாலும் சரி.

ஒன்று சொல்ல மறந்தேன். பீங்கான் மண்ணுக்கு ஞாபகம் உண்டு. சக்கரத்திலிருந்து எடுக்கும்போது கோப்பை அமுங்கி நீள்வட்டமாகி, நீ உடனே தட்டி வட்டமாக்கியிருப்பாய்; சூளையிலிருந்து அது நீள்வட்டமாகவே வெளியே வரும். ஏரி மண் இவ்வளவு வன்மம் வைக்காது. கலந்த மண்ணை ஈரச் சாக்கு மூடிக் குறைந்தது ஒரு மாசம் புளிக்கவிடு, ரெண்டு சொட்டு வினிகர் விட்டால் இழுவை கூடும். எனக்கு இங்கே வெயில்தான் எதிரி, விளிம்பு முதலில் காய்ந்து வெடிக்கும். உனக்கு அந்தத் தொந்தரவு இருக்காது.

இப்போது நீ செய்ய வேண்டியது: கலப்பதற்கு முன்னால் ஸ்டுடியோவில் ரெண்டு விஷயம் கேள். சூளை கரண்டா, கேஸா? எவ்வளவு வரை ஏற்றுவார்கள்? கரண்ட் சூளை என்றால் பச்சை வராது, தேன் நிறத்தோடு திருப்திப்பட வேண்டும். 1230-க்கு மேல் ஏற்றமாட்டார்கள் என்றால் மேலே எழுதிய மண் கணக்கு உதவாது. ஃபெல்ஸ்பாரை 38, 40 வரை கூட்டி, களியையும் குவார்ட்ஸையும் குறைத்து வேறு கணக்கு எழுதித் தருகிறேன். கிளேஸுக்கும் அப்படித்தான், வெங்காரச் சத்துள்ள ஃப்ரிட் (உருக்கிப் பொடித்த கண்ணாடி) ஏதாவது சேர்க்க வேண்டியிருக்கும். கல் தூசைப் பார்சலில் அனுப்பச் சொல்லாதே, வெளிநாட்டுக் கஸ்டம்ஸில் பொடி என்ன பொடி என்று விளக்கிக்கொண்டிருக்க என்னால் முடியாது. சாக்ஸனியிலும் கிரானைட் அறுக்கிறார்கள். ஒரு டப்பா எடுத்துக்கொண்டு போய்க் கேள், காந்தம் மறக்காதே.

ரெண்டு கேள்விக்கும் பதிலை ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அன்புடன்,
அம்மா