எத்தனை டன்னுன்னு மட்டும் போடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

எங்க போர் நடந்தாலும் பஞ்சம் வந்தாலும் இத்தனை லாரி போச்சு, இத்தனை டன் எறங்குச்சுன்னுதான் உங்க பேப்பர்ல நியூஸ் வருது, அத யாரு வாங்கி யாருக்குப் பிரிச்சுக் குடுக்கறாங்கன்னு ஒரு வரி கூட இருக்கறதில்ல. எனக்கு என்னமோ அதுதான் முக்கியமான நியூஸ்னு தோணுது.

1994ல ருவாண்டா இனப்படுகொலைக்குப் பின்னாடி ஜூலை மாசம் லட்சக்கணக்கான ஜனங்க எல்லை தாண்டி பக்கத்து நாட்டுல இருக்கற கோமாங்கற ஊருக்கு ஓடி வந்தாங்க, அப்ப அந்த நாட்டுக்கு ஜயர்னு பேரு, இப்ப காங்கோ. கொஞ்ச வாரத்துலயே காலராவுல பல்லாயிரம் பேர் செத்துட்டாங்க. உலகம் பூரா இருந்து உதவி வந்து குவிஞ்சுது, ஆனா கேம்ப்ல ரேஷனக் கையில வச்சிருந்தது யாருன்னு பாத்தா கொலைய நடத்துன அதே ஆளுங்க, தலைக்கணக்க ஏத்திக் காட்டி மிச்சத்த வித்து மறுபடியும் படை தெரட்ட ஆரம்பிச்சுட்டானுங்க. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போட பிரெஞ்சுப் பிரிவு நவம்பர்லயே அங்கருந்து வெளியேறிடுச்சு, மத்த பல அமைப்புங்க தங்கிட்டாங்க. நோயாளிய விட்டுட்டு டாக்டர் கெளம்பலாமான்னு கேட்டா எனக்கும் டக்குன்னு பதில் வராது.

இத்தனைக்கும் அந்த அமைப்பு 1971ல பொறந்ததே நைஜீரியாவுல நடந்த பயாஃப்ரா போர்ல வேல பாத்த டாக்டருங்க சிலர் கண்ணால பாத்தத வெளிய சொல்லாம இருக்க முடியாதுன்னு நெனச்சதாலதான். நடுநிலைன்னா வாய மூடிக்கறதான்னு ஒரு சண்ட அதுக்கு முன்னாடியே இருக்கு, 1942ல நாஜிக் கொலைகளப் பத்தித் தெரிஞ்சும் பகிரங்கமா கண்டிக்க வேணாம்னு செஞ்சிலுவைச் சங்கம் முடிவு பண்ணுனத அவங்களே பின்னாடி தோல்வின்னு ஒத்துக்கிட்டாங்க.

கோமாவுல பட்டதுக்கு அப்பறம்தான் 1997ல உதவி அமைப்புங்க சேந்து ஸ்பியர் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, ஒரு ஆளுக்கு நாளைக்கு குறைஞ்சது 15 லிட்டர் தண்ணி, 20 பேருக்கு ஒரு கக்கூஸ்னெல்லாம் அளவு வச்சாங்க. நல்ல விஷயம்தான், ஆனா யாரு பிரிச்சுக் குடுக்கறதுங்கற கேள்விய லிட்டர் கணக்கு தீக்காது. 2016ல பெரிய நாடுகளும் ஐநா அமைப்புகளும் சேந்து 2020க்குள்ள உதவி நிதியில 25 சதவீதத்தயாவது உள்ளூர் அமைப்புகளுக்குக் குடுக்கறோம்னு சொன்னாங்க, கெடு தாண்டிப் போயாச்சு, சொன்னதுக்குப் பக்கத்துல கூட வரல. அடுத்த தடவ டன் கணக்கு போடறப்போ இதயும் சேத்துப் போடுங்க சார்.

இப்படிக்கு
உங்க வாசகர்