மான்ட்கோமரி தீர்ப்பை எழுதியது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பஸ்ஸில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்து 1955-56இல் நடந்த மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானதும், கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸில் ஏறாமல் இருந்ததும், இளம் போதகரான மார்ட்டின் லூதர் கிங் தலைமையேற்றதும் நன்றாகவே சொல்லப்பட்டிருந்தன. முடிவை மட்டும் "இறுதியில் உச்ச நீதிமன்றம் நல்ல தீர்ப்பு வழங்கியது" என்று ஒரே வரியில் கடந்துவிட்டார் கட்டுரையாளர். கீழமை நீதிமன்றத்தில் வழக்குக் கட்டுகளோடு காலம் தள்ளி ஓய்வுபெற்றவன் நான். அந்த வரியைக் கண்டும் காணாமல் விட மனம் வரவில்லை.

மனு தாக்கலானது, சாட்சிகள் விசாரிக்கப்பட்டது, தீர்ப்பு எழுதப்பட்டது எல்லாமே மான்ட்கோமரியில் இருக்கும் அலபாமா மத்திய மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில்தான். 1956 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் செய்தது, வாய்மொழி வாதம்கூடக் கேட்காமல் அதைச் சில வரிகளில் உறுதிப்படுத்தியது மட்டுமே.

அந்த வழக்கில் ரோசா பார்க்ஸ் மனுதாரரே அல்லர். அவர் மீதான குற்ற வழக்கு மாநில நீதிமன்றங்களில் ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அவரையும் சேர்த்தால் தண்டனையிலிருந்து தப்பிக்கவே இந்த மனு என்று எதிர்த்தரப்பு கிளப்பிவிடும் என்று கணக்குப் போட்டார் வழக்கறிஞர் ஃபிரெட் கிரே. அப்போது அவருக்கு வயது 25. எனவே அரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித் ஆகிய நான்கு பெண்களின் பெயரிலும், பின்னர் விலகிக்கொண்ட இன்னொரு பெண்ணின் பெயரிலும் 1956 பிப்ரவரி 1 அன்று மனு தாக்கலானது. மாநிலச் சட்டமே செல்லாது என்று கேட்டால் மூன்று நீதிபதிகள் சேர்ந்து விசாரிக்க வேண்டும், மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் என்பது அன்றைய விதி. கிரே குறிவைத்தது அதைத்தான்.

மே 11 அன்று விசாரணை. பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானவர் கால்வின். அப்போது அவருக்கு 15 வயது. எல்லாவற்றையும் கிங் தூண்டிவிட்டார் என்று கால்வின் வாயாலேயே வரவழைக்க நகராட்சி வழக்கறிஞர் சுற்றிச் சுற்றிக் கேட்டுப் பார்த்தார். உங்கள் தலைவர் யார் என்றதற்கு, எங்களுக்கு நாங்களேதான் தலைவர்கள் என்று பதில் சொல்லிவிட்டது அந்தப் பெண்.

ஜூன் 5 அன்று, பஸ்ஸில் பிரித்து உட்காரவைக்கும் சட்டம் செல்லாது என்று மூன்று நீதிபதிகளில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ரிச்சர்ட் ரீவ்ஸ், ஃபிராங்க் ஜான்சன் ஒரு பக்கம். சீபர்ன் லின் மறுபக்கம். லின் சொன்னதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பிரித்து வைத்தாலும் சமமாக நடத்தினால் போதும் என்ற 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பை, போக்குவரத்தைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாக ரத்து செய்யவில்லை; கீழே இருப்பவர்கள் முந்திக்கொள்ளக் கூடாது என்றார். கீழமை நீதிமன்றத்தில் வேலை பார்த்த எவருக்கும் இதன் கனம் தெரியும். பள்ளிகளில் பிரிவினை கூடாது என்று 1954இல் வந்த தீர்ப்போடு அந்தப் பழைய கொள்கை செத்துவிட்டது, செத்ததைச் செத்தது என்று சொல்ல மேலிருந்து உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது ரீவ்ஸ், ஜான்சன் இருவரின் முடிவு. என் பார்வையில் அந்த வழக்கின் துணிச்சலே இதில்தான் இருக்கிறது. வழிகாட்ட உச்ச நீதிமன்றத்தின் நேரடியான தீர்ப்பு ஒன்றும் இல்லாதபோது எழுதியவர்களை விட்டுவிட்டு, ஆமோதித்தவர்களுக்கு மாலை போடுகிறோம்.

ஜான்சன் அந்த நாற்காலிக்கு வந்து ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. 37 வயதில் அதிபர் ஐசனோவர் நியமித்தவர். உள்நாட்டுப் போரின்போது அலபாமா அமெரிக்காவை விட்டுப் பிரிந்து போவதற்கு உடன்பட மறுத்த வின்ஸ்டன் கவுண்டிக்காரர். தீர்ப்புக்குப் பின் அவர் வீட்டு முற்றத்தில், வெள்ளை இனவெறியர்கள் மிரட்டும் பாணியில், சிலுவையைக் கொளுத்தினார்கள். 1967இல் அவருடைய தாயார் வீட்டில் குண்டு வெடித்தது. அந்த அம்மையார் காயமின்றித் தப்பினார். அலபாமாவில் மாநில நீதிபதிகள் வாக்குப் பெற்று வருபவர்கள். கூட்டாட்சி நீதிபதிக்கோ வாழ்நாள் பதவி. அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் ஜான்சன் அடுத்த தேர்தலிலேயே வீட்டுக்குப் போயிருப்பார். அவரோடு சட்டம் படித்த ஜார்ஜ் வாலஸ்தான் பின்னாளில் ஆளுநராகி அவரைத் திட்டித் திட்டியே வாக்குச் சேகரித்தார். அலபாமாவின் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு வந்த ஊர்வலத்தினரைப் போலீசார் அடித்து விரட்டிய பிறகு, 1965 மார்ச் 17 அன்று, அந்த வாலஸ் அரசு தடுக்கக் கூடாது என்று நடைபயணத்துக்கு அனுமதி அளித்ததும் ஜான்சனே. எதிர்க்கப்படும் அநீதி எவ்வளவு பெரிதோ, எதிர்ப்பதற்கான உரிமையும் அதற்கேற்ப விரிய வேண்டும் என்பது அந்த உத்தரவின் சாரம்.

இதற்காக அந்த நீதிமன்றத்தைக் கோயிலாக்க நான் சொல்லவில்லை. மான்ட்கோமரியின் கறுப்பின வாக்காளர்களைப் பட்டியலில் சேர்க்கக் கோரி ஜாக்சன் ஜைல்ஸ் என்பவர் போட்ட வழக்கைத் தள்ளுபடி செய்ததும் இதே ஊரில் அமர்ந்த கூட்டாட்சி நீதிமன்றம்தான். 1903இல் உச்ச நீதிமன்றமும் கையை விரித்துவிட்டது. ஏன், ஜான்சனே சறுக்கியிருக்கிறார். டஸ்கீகி நகரின் எல்லையை 28 பக்க உருவமாக வெட்டிக் கறுப்பின வாக்காளர்களில் அநேகமாக எல்லோரையும் வெளியே தள்ளியதை எதிர்த்த வழக்கை அவர் தள்ளுபடி செய்ய, 1960இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. அங்கே பாராட்டு மேலே போகட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

அதே நீதிமன்றத்தில் 1980இல் மைரன் தாம்சன் என்ற கறுப்பின நீதிபதி அமர்ந்தார். மாநில நீதிமன்றக் கட்டடத்தில் தலைமை நீதிபதி ராய் மூர் நிறுவிய, பைபிளின் பத்துக் கட்டளைகள் பொறித்த கல்லை அகற்றச் சொன்னவர் அவர். அவரைப் பற்றியும் தங்கள் கட்டுரையாளர் எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. பஸ் ஜன்னலோரம் பார்க்ஸ் அமர்ந்திருக்கும் படத்தைக் கைதான நாளில் எடுத்தது என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது 1956 டிசம்பர் 21 அன்று, தீர்ப்பு அமலுக்கு வந்தபின், பத்திரிகைகளுக்காக எடுத்த படம். அவருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் வெள்ளையர் ஒரு நிருபர். அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
கும்பகோணம்