சோதனை இலவசம், கூலி போகிறதே!

ஐயா, புற்றுநோயும் ஏழ்மையும் குறித்த தங்கள் தலையங்கம் மருந்து விலையை விரிவாகப் பேசிவிட்டு, நோய் தாமதமாகக் கண்டறியப்படுவதை ஒரே வரியில் கடந்துவிட்டது. ஏழை நோயாளி தோற்பது பெரும்பாலும் அங்கேதான். கருப்பைவாய்ப் புற்றுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை உண்டாக்கும் எச்பிவி என்ற வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது; புற்றாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே காட்டிக்கொடுக்கும் சோதனையும் இருக்கிறது. அப்படியும் 2022இல் அந்நோயால் இறந்த சுமார் 3.5 லட்சம் பெண்களில் 94 சதவீதம் பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தினக்கூலிக்குப் போகும் என் உறவுக்காரப் பெண் ஒருவர், மார்பில் கட்டி தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார். சோதனை இலவசம்தான். ஆனால் சோதனைக்கு ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள், அப்புறம் சதை எடுத்துப் பார்க்க இன்னொரு நாள் என்றால் அத்தனை நாளும் கூலி கிடையாது. “வலிக்கவே இல்லையே” என்ற சமாதானம் வேறு. (தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.) முகாம்களை வேலை நேரம் முடிந்த பிறகும் நடத்தலாம். மேல்சோதனைக்கு வருபவருக்கு அன்றைய கூலியை ஈடுகட்டும் தொகையையும் அரசு திட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.