மலைக்குப் போகும் மகளுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். வருஷப்பிறப்புக்குச் சுட்ட பயற்றம்பணியாரம் இன்னும் முடிந்தபாடில்லை. லீட்ஸில் ரயிலேறி ரிப்பிள்ஹெட்டில் இறங்கி, வட இங்கிலாந்தின் வேர்ன்சைட் மலையைச் சுற்றி நடந்துவிட்டு மாலை வண்டியில் திரும்பப் போவதாக நீ எழுதியிருந்ததைப் படித்ததும், குளிருக்கு என்ன உடுத்துவாய் என்று அம்மா கவலைப்பட்டாள். எனக்கோ நீ என்ன சாப்பிடுவாய் என்பதுதான் கவலை.

வேர்ன்சைட்டின் 736 மீற்றர் என்பது நுவரெலியாவின் உயரத்தில் பாதிகூட இல்லை என்று நீ சிரிக்கலாம். ஆனால் எட்டு மைல் அளவான அந்தச் சுற்றில் மேலே ஏறிய பிறகு கடை ஒன்றும் இராது. காற்றில் நடக்கும்போது பசி சொல்லாமல் வரும். நிலையத்தில் வாங்கும் சான்ட்விச் எனக்கு வயிறு நிறைந்ததாகத் தோன்றியதே இல்லை. ஆகையால் முதல் நாள் இரவே தேங்காய்ப்பூ ரொட்டி சுட்டு வைத்துக்கொள்.

இரண்டு கோப்பை கோதுமை மாவுக்கு ஒரு கோப்பை தேங்காய்ப்பூ போதும். அங்கே கிடைக்கும் உலர்ந்த துருவலாயின், இளஞ்சூட்டு நீரில் கால் மணிநேரம் ஊறவிட்டுப் பிழிந்துகொள். உப்பும், பொடியாக அரிந்த பச்சை மிளகாயும் வெங்காயமும் சேர்த்து, குளிர்ந்த நீருக்குப் பதிலாகக் கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் குழைத்தால், ஆறிய பின்னும் ரொட்டி மெதுவாக இருக்கும். தேங்காயின் கொழுப்பு ஏறக்குறைய 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்குவது. கொழும்பில் நாம் இதை எண்ணிப் பார்த்ததேயில்லை, யோர்க்ஷயர் மலையிலோ உன் ரொட்டி விறைத்துப்போகும். துணியில் சுற்றி, அதற்கு மேல் அலுமினியத் தாள் இட்டு, பையில் முதுகோடு ஒட்டிய பக்கத்தில் வை.

தொட்டுக்கொள்ளச் சீனிச் சம்பல் கொண்டுபோ. வெங்காயத்தின் நீர் முழுவதும் வற்றும்வரை சிறு நெருப்பில் பொறுமையாக வதக்கி, புளியும் சீனியும் சேர்த்து இறக்குவதால் அது எளிதில் பழுதாகாது. பச்சைத் தேங்காய்ச் சம்பலுக்கு அந்தத் தாங்கும் குணம் இல்லை. மாசிக் கருவாடு போடாமல் சீனிச் சம்பலா என்று அம்மா கேட்பாள். பூட்டிய ரயில் பெட்டியில் அந்த வாசனையைச் சகபயணிகள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ. இம்முறை மாசியை விட்டுவிடு. அவித்த முட்டை இரண்டும், சுடுநீர்ப் போத்தலில் இஞ்சித் தேநீரும் சேர்ந்தால் போதும். உச்சிக்குப் போய்த்தான் பொதியை அவிழ்ப்பேன் என்று வீம்பு பிடிக்காமல், ஏற்றம் கடுமையாகும் முன்பே ஒரு ரொட்டியைத் தின்றுவிடு.

பாதையைப் பற்றி நீ கேட்காமலே ஒன்று சொல்கிறேன். இருபத்துநான்கு வளைவுகள் கொண்ட ரிப்பிள்ஹெட் பாலம் நிலையத்தைத் தாண்டித்தான் வருகிறது என்பதால், லீட்ஸிலிருந்து வரும் நீ அதன்மேல் போகமாட்டாய். அருகில் நடந்து நிமிர்ந்து பார்ப்பாய். அதுவே மேல். தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைக்கூட ரயிலில் இருப்பவர்கள் சரியாகப் பார்ப்பதில்லை. ரிப்பிள்ஹெட்டுக்கு அடுத்த டென்ட் நிலையம் இங்கிலாந்தின் பிரதான பாதைகளில் மிக உயரத்தில் இருப்பது என்று பெருமை பேசுவார்கள். அது சுமார் 350 மீற்றர். பதுளைப் பாதையில் நம் பட்டிப்பொல நிலையம் 1,890 மீற்றருக்கு மேலே இருப்பதை உன் தோழிகளுக்கு நீ எடுத்துச் சொல்லலாம். ரிப்பிள்ஹெட் பாதை போடப்பட்ட காலத்தில் அந்தப் பாலத்தடியில் குடிசைகளில் இருந்த தொழிலாளர் பலர் விபத்திலும் அம்மையிலும் மாண்டு சப்பல்-லீ-டேல் என்ற சிற்றூரின் தேவாலய வளவில் புதைக்கப்பட்டார்கள். நேரமிருந்தால் அந்தக் கோவிலடிக்கும் போய் வா.

இது செம்மறிக் குட்டிகள் மேயும் பருவம். வேலிப் படலையைத் திறந்தால் மறக்காமல் சாத்து. திரும்பும் வண்டிகள் அடிக்கடி வருவதில்லை என்பதால் நேரத்தைக் கடதாசியில் எழுதி வைத்துக்கொள். மலையில் தொலைபேசியை நம்பாதே. வீடு சேர்ந்ததும் அழை. அங்கே மாலை ஆறரை என்றால் இங்கே இரவு பதினொன்று. அம்மா தூங்கமாட்டாள், நானும்தான். எது முடிந்தது, எது மிஞ்சித் திரும்பியது என்பதையும் சொல். அடுத்த பொதியில் வறுத்த மிளகாய்த்தூள் எவ்வளவு அனுப்புவதென்று அதைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அன்புடன்,
அப்பா