‘தயாரித்தவர்’ என்ற வரியைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய மேலாண்மைக் குழுவினருக்கு,

வணக்கம். ஆண்டறிக்கைக்கான புதிய படிவம் சென்ற வாரச் சுற்றறிக்கையுடன் எங்கள் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. பழைய படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ‘தயாரித்தவர்’, ‘சரிபார்த்தவர்’, ‘ஒப்புதல் அளித்தவர்’ என மூன்று வரிகள் இருந்தன. புதியதில் முதல் வரி இல்லை. படிவத்தைச் சுருக்குவதற்காக நீக்கியதாகச் சொன்னார்கள். நீக்கப்பட்டது ஒரே ஒரு வரிதான்; ஆனால் அந்த அறிக்கையில் எங்களுக்கென்று இருந்ததும் அந்த ஒரே வரிதான். அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நிர்வாகப் பிரிவின் பணிகளைத் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இந்த ஆண்டு அறிக்கையில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒன்பது துறைகள் ஒன்பது விதமாக அனுப்பிய கணக்குகளை ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்தபோது, பயிற்சி பெற்றோரின் கூட்டுத்தொகை வருகைப் பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை. எங்கள் பிரிவின் மூத்த எழுத்தர் மூன்று மாலைகள் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து, பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒரே பயிற்சி முகாமை இரண்டு துறைகள் தத்தம் கணக்கில் எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தார். அதை அப்படியே விட்டிருந்தால் தணிக்கையில் நிறுவனமே பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அறிக்கை வெளியானதும் துறைத் தலைவர்களுக்கும், அட்டையை வடிவமைத்தவருக்கும், அச்சகத்தாருக்கும் நன்றிக் கடிதம் போனது. அக்கடிதத்தைத் தட்டச்சு செய்தவரும் அந்த மூத்த எழுத்தர்தான். பெயர்களின் தலைப்பெழுத்துகள் சரியா என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் எண் மாறி அச்சானபோது, அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தவர் யார் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. மறுநாளே விளக்கம் கேட்டுக் குறிப்பாணையும் வந்தது. பிழை நேர்ந்தால் எங்கள் பெயரைத் தேடுகிறவர்கள், பிழையின்றி முடித்த வேலையின் கீழும் அதே பெயரை எழுதலாம் அல்லவா?

சென்ற கூட்டத்தில் இதை எடுத்துரைத்தபோது, சம்பள உயர்வுக்கான அடித்தளம் இது என்று கருதினீர்கள். அப்படியில்லை. பொறியாளர்களையும் கணக்கர்களையும் நேர்கண்டு 1959-இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் வெளியிட்ட ஆய்வு, நல்ல சம்பளமும் பணிச்சூழலும் அதிருப்தியைக் குறைக்கும், ஆனால் பணியில் நிறைவைத் தருபவை வேறு என்று சொன்னது. அவற்றில் முன்னிற்பவை சாதனையும் அங்கீகாரமும். போடும் உழைப்புக்கும் கிடைக்கும் பலனுக்கும் இடையே நெடுநாள் நீடிக்கும் ஏற்றத்தாழ்வு உடல்நலத்தையே கெடுக்கும் என்று 1996-இல் மருத்துவச் சமூகவியலாளர் யோகானஸ் சீக்ரிஸ்ட் எழுதியபோது, பலன் என்று அவர் கணக்கில் எடுத்தது பணத்தை மட்டுமன்று. மதிப்பையும் பதவி உயர்வையும் சேர்த்துத்தான். லண்டனில் 1985-இல் தொடங்கி 10,308 அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், தம் வேலையைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் உரிமை குறைந்தவர்களிடம் இதயநோய் கூடுதலாக இருந்தது. எழுத்தர் நிலைப் பணியாளர்களிடமே அந்த உரிமை மிகக் குறைவாக இருந்தது. எங்கள் மனக்குறை சில்லறை விஷயம் அன்று என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

‘ஆஃபீஸ் ஸ்டாஃப்தானே’ என்று பேச்சுவாக்கில் சொல்கிறார்கள். அந்தத் ‘தானே’யை நான் பதினெட்டு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். புதிய மென்பொருளை வாங்கும்போது, நாள் முழுவதும் அதில் வேலை செய்யப்போகும் எங்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை. பயிற்சிக்கு அனுப்பும் பட்டியலைத் தயாரிக்கிறோம். அதில் எங்கள் பெயர் இருப்பதில்லை. பணித்திருப்தி பற்றி ஆண்டுதோறும் நடக்கும் கணக்கெடுப்பின் விடைத்தாள்களைக் கூட்டித் தொகுப்பதும் நாங்களே. அதனால் எங்கள் பிரிவின் மதிப்பெண் எவ்வளவு குறைவு என்பது தங்களுக்கு முன்பாக எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பின் எதுவும் நடப்பதில்லை என்பதும் தெரிகிறது. இளையவர்கள் இருவர் இந்த ஆண்டு விலகிச் சென்றதற்குச் ‘சொந்தக் காரணம்’ என்று பதிவாகியிருக்கிறது. உண்மைக் காரணத்தை எழுத அந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யும்படி கேட்கவில்லை. மனத்தாங்கலில் சொல் ஏதும் கடுமையாக விழுந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். கேட்பது ஒன்றுதான்: ‘தயாரித்தவர்’ என்ற வரியைப் படிவத்தில் மீண்டும் சேர்த்து, வேலையைச் செய்தவரின் பெயர் அதில் எழுதப்படுவதை உறுதிசெய்யுங்கள். படிவம் அடுத்த மாதம்தான் அச்சுக்குப் போகிறது. இடம் போதாது என்ற கவலை வேண்டாம். கடைசிப் பக்கத்தின் அடியில் இரண்டு விரற்கடை இடம் காலியாக இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நிர்வாகப் பிரிவு ஊழியர்